தாபோடிக் கலெக்டர்

ஸ்ரீரஞ்சனியைத் தாபோடியில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஸ்டேஷன் பக்கத்து மளிகைக் கடைக்காரர் 'கலெக்டர் மேடம்' என்பார். கீழ்வீட்டு மராட்டிக்கார அம்மாளுக்கு அவள் 'கலெக்டர்தாயி', கலெக்டர் அக்கா. ரிக்‌ஷா ஸ்டாண்டில் விலாசம் கேட்டு வருகிறவர்களிடம், கலெக்டர் வீடா, அந்த மஞ்சள் கட்டடம், மூணாவது மாடி என்று கை காட்டுவார்கள். ஒரு காலத்தில் அதில் கொஞ்சம் கேலி இருந்தது. அதற்கும் முன்னால் நிஜமான எதிர்பார்ப்பு இருந்தது. இப்போது இரண்டும் போய், அது வெறும் அடையாளமாக நின்றுவிட்டது.

ஆரம்பித்து வைத்தவர் அப்பா ரவிசந்திரன்தான். துறையூரிலிருந்து இருபது வயதில் இந்த மராட்டி ஊருக்கு வந்து, ராணுவப் பொறியியல் கல்லூரியின் ஸ்டோரில் சேர்ந்து, அங்கேயே ரிட்டயரானவர். கர்னல், மேஜர், கேப்டன், சூப்பரின்டெண்டென்ட் என்று நாள் முழுக்கப் பட்டங்களுக்கு நடுவே புழங்கி, யார் வந்தாலும் எழுந்து நின்று பழகிய உடம்பு. மகள் பத்தாவதில் நல்ல மார்க் வாங்கிய அன்று காலனி முழுக்கப் பேடா கொடுத்தார். கொடுத்த இடத்திலெல்லாம், என் பொண்ணு கலெக்டராகப் போறா என்று சொன்னார். "என் பேருக்கு முன்னாடி ஒண்ணும் கிடையாதும்மா. உன் பேருக்கு முன்னாடி ஒண்ணு வேணும்" என்று அவளிடம் தனியாகச் சொன்னார்.

அவள் படித்தாள். வேறெதுவும் செய்யவில்லை என்றே சொல்லலாம். டில்லி நடத்துகிற ஐ.ஏ.எஸ். தேர்வில் முதல் கட்டத்திலேயே சில முறை விழுந்தாள், பிறகு எழுந்தாள், நேர்முகம் வரை போய்த் திரும்பினாள். மாநிலத் தேர்விலும் அதே கதை. பயிற்சி வகுப்புகள் நிறைந்த சதாசிவ் பேட்டின் சந்துகளில், மேஜைக்கு மேஜை தட்டி மறைத்த படிப்பறைகளில், மெஸ் சாப்பாட்டில், அவளுடைய இருபதுகள் முடிந்தன. அங்கே நிக்டியிலிருந்து வந்த ஹரிபிரசாத் என்ற தமிழ்ப் பையன் பழக்கமானான். இருவரில் ஒருவருக்கு வேலை வந்ததும் கல்யாணம் என்று பேசி வைத்திருந்தார்கள். அவன்தான் முதலில் அலுத்தான். பாணேரில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். "நீயும் விட்டுடேன் ரஞ்சி, போதும்" என்றான். அவள் இன்னும் ஒரு தடவை என்றாள். அந்த ஒரு தடவை முடிவதற்குள் அவனுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது. அடுத்த சில வருடங்களில் வயது வரம்பும் வந்து கதவைச் சாத்தியது.

அதற்குப் பிறகு அவள் போக வேறு இடம் தெரியாமல் அதே சதாசிவ் பேட்டில், தான் படித்த பயிற்சி வகுப்பிலேயே ஆங்கிலத் தாள் நடத்தச் சேர்ந்தாள்.

அவளுடைய முதல் நாள் வகுப்பைப் பற்றி மாணவர்கள் வெளியே பேசிக்கொள்வார்கள். இலக்கணத்தைத் தொடவே மாட்டாள். நீங்க எல்லாரும் எந்த வேலைக்குப் படிக்கறீங்க என்று கேட்பாள். அவர்கள் சொல்லச் சொல்ல ஒவ்வொரு சொல்லையும் பிரித்துக் காட்டுவாள். கான்ஸ்டபிள் என்றால் லத்தீனில் குதிரை லாயத்துக்குப் பொறுப்பாளன். செக்ரடரி ரகசியத்தைக் காப்பவன். மினிஸ்டர் என்ற சொல்லுக்குள் 'சிறியவன்' என்ற பொருள் இருக்கிறது, அதாவது வேலைக்காரன். மேஜிஸ்ட்ரேட்டுக்குள் 'பெரியவன்'. கலெக்டர் என்றால் வெறுமனே சேர்ப்பவன். வெள்ளைக்காரன் காலத்தில் நிலவரியைத் திரட்டிக் கொண்டுபோய்க் கட்டியவன். அதற்கு மேல் அந்தச் சொல்லில் ஒன்றும் கிடையாது.

"நீங்க இப்ப கேண்டிடேட். ரோம்ல பதவிக்கு நிக்கறவன் சுண்ணாம்பு தேய்ச்ச வெள்ளை அங்கி போட்டுக்கிட்டு ஊரைச் சுத்துவான். அந்த வெள்ளைக்குத்தான் அந்தப் பேரு. அழுக்குப்படாம எத்தனை நாள் போட்டுக்க முடியும்னு பாத்துக்குங்க" என்பாள்.

வகுப்பு சிரிக்கும். பிறகு குனிந்து எழுதிக்கொள்ளும். நேர்முகத்தில் கேட்டாலும் கேட்பார்கள். அவள் இதையெல்லாம் யாரும் சொல்லிக் கற்றுக்கொண்டவள் அல்ல. கடைசி நேர்முகத்தில் தோற்றுத் திரும்பிய வாரத்தில், தன்னை இத்தனை வருடம் அலைக்கழித்த சொல்லுக்கு என்னதான் அர்த்தம் என்று அகராதியில் தேடிப் பார்த்தாள். அங்கிருந்து தொடங்கிய பழக்கம். சொல்லைப் பிரித்துப் போட்டால் அதன் கனம் குறையும் என்று அப்போது நினைத்தாள். குறையவில்லை.

போன வருடம் அப்பாவுக்கு லேசாகப் பக்கவாதம் வந்தது. கால் ஓரளவு சரியாயிற்று. மூளையில் ஏதோ இடம் மாறிவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுவாரம், வகுப்புக்குக் கிளம்பியவளைப் பார்த்து மெதுவாக எழுந்து நின்றார். "கிளம்பிட்டீங்களா? வண்டி வந்துடுச்சா?" என்றார்.

அம்மா விசாலம் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். ஸ்ரீரஞ்சனிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். டாக்டர், எதிர்த்துப் பேசாதீங்க, பதட்டமானா மறுபடியும் வரும் என்றார். ஆகவே அந்த வீட்டில் அவள் கலெக்டரானாள். அப்பா அவளை 'வாங்க, போங்க' என்றுதான் பேசினார். அவள் சாப்பிடும்போது டிவி சத்தத்தைக் குறைத்தார்.

பிப்ரவரியில் ஒரு மாலை அவள் மண்டயி ஸ்டேஷனில் மெட்ரோ ஏறித் தாபோடியில் இறங்கி வீட்டுக்கு வந்தபோது, வாசலில் தெரியாத செருப்பு கிடந்தது. உள்ளே அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். சோபாவின் நுனியில் முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு பெண், மடித்த காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க. இந்தம்மா ரொம்ப நேரமா காத்திருக்காங்க. மனு கொண்டு வந்திருக்காங்க" என்றார் அப்பா.

அந்தப் பெண் எழுந்தாள். பெயர் மேரி. ஆற்றங்கரைச் சந்தில் வீடு. ஊர் நாசரேத்துப் பக்கம். புருஷன் ஆண்டனி போசரியில் ஒரு பட்டறையில் வெல்டர். "கடையில தமிழ்ல பேசிக்கிட்டிருந்தேன். கலெக்டரம்மா வீட்டுல தமிழ்தான் பேசுவாவன்னு சொன்னாவ. அதான் வந்தேன்" என்றாள்.

காகிதம் மராட்டியில் இருந்தது. சந்து முழுக்க எல்லா வீட்டுக் கதவிலும் ஒட்டியிருக்கிறார்களாம். ஸ்ரீரஞ்சனி நின்றபடியே படித்தாள். வீடு ஆற்றின் வெள்ளக் கோட்டுக்குள் இருக்கிறது, காலி செய்ய வேண்டும், ஆட்சேபம் இருந்தால் விசாரணைக்கு வந்து சொல்லலாம். கீழே மாநகராட்சி டெபுடி கமிஷனர் ஒருவரின் கையெழுத்து. அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது உத்தரவு வரும் என்று காத்திருக்கிற பார்வை.

"பாக்கறேன்" என்றாள்.

"கலெக்டர் பாக்கறேன்னு சொல்லிட்டாங்க. நீங்க தைரியமா போங்கம்மா" என்றார் அப்பா.

மேரி இறங்கிப் போகும்போது ஸ்ரீரஞ்சனி பின்னாலேயே இரண்டாம் மாடி வரை இறங்கிப் பிடித்தாள். "ஒரு நிமிஷம். நான் கலெக்டர் இல்ல. அப்பாவுக்கு உடம்பு சரியில்ல. நான் கிளாஸ்ல பாடம் எடுக்கறவ."

"தெரியும்க்கா" என்றாள் மேரி. "கலெக்டர் வீடுன்னா கீழ ஜீப்பு நிக்கும்லா."

"அப்ப ஏன் உக்காந்திருந்தீங்க?"

"உங்கப்பா உக்காரச் சொன்னாவ. இந்தக் காகிதம் ஒட்டினதுல இருந்து நாலு இடத்துக்குப் போயிட்டோம். எங்கயும் யாரும் உக்காருன்னு சொல்லல. அவங்க டீயும் போடச் சொன்னாவ." பிறகு கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தாள். "நீங்க படிச்சிட்டியள்லா. அது போதும். என்ன போட்டிருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

ஸ்ரீரஞ்சனி படிக்கட்டிலேயே உட்கார்ந்து சொன்னாள். சொல்லி முடித்தபோது, விசாரணைக்குத் தானும் வருவதாகச் சொல்லிவிட்டிருந்தாள்.

ஆட்சேப மனுவை அவளே மராட்டியில் எழுதினாள். கொடுக்கப் போன இடத்தில் கம்பி வைத்த ஜன்னலுக்குப் பின்னால் ஒரு க்ளார்க் இருந்தார். மேரி கம்பிக்கு அருகே முகத்தைக் கொண்டுபோய், கையைக் கட்டிக்கொண்டு, தணிந்த குரலில் பேசினாள். மாதா கோவிலில் பாதிரியிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்பதுபோல இருந்தது. க்ளார்க் என்ற சொல்லே பாதிரியிலிருந்து வந்ததுதான், எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள் மட்டுமே என்பதால் என்று வகுப்பில் சொல்லி எத்தனையோ தடவை சிரிக்க வைத்திருக்கிறாள். அங்கே நின்றபோது அது சிரிக்கிற விஷயமாகத் தெரியவில்லை. க்ளார்க் முத்திரை குத்திக் காகிதத்தை உள்ளே இழுத்துக்கொண்டார். மன்னிப்பு ஒன்றும் கொடுக்கவில்லை.

விசாரணை ஒரு பெரிய ஹாலில் நடந்தது. சந்தே திரண்டு வந்திருந்தது. ஒவ்வொரு குடும்பமாகப் பெயர் கூப்பிட்டார்கள். மேடையில் மூன்று பேர். நடுவில் இருந்தவரைப் பார்த்ததும் ஸ்ரீரஞ்சனிக்கு அடையாளம் தெரிந்தது. சுஹாஸ் காவ்டே. பீட் மாவட்டத்து வறண்ட ஊரிலிருந்து வந்து, அவள் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து, அவள் வாயிலிருந்து விழுகிறதையெல்லாம் எழுதிக்கொண்ட பையன். இப்போது காதோரம் நரை.

ஆண்டனி இந்தியில் பேசினான். "நாங்க வாங்கறப்ப அந்தக் கோடு அங்க இல்ல சாப்."

"கோடு எப்பவும் இருந்தது. உங்களுக்கு வித்தவன் காட்டல" என்றார் சுஹாஸ். குரலில் கடுமை இல்லை. களைப்புதான் இருந்தது.

"நாங்க எங்க போறது?"

"பழைய வாசிகளுக்கு மாற்று வீடு உண்டு. நீங்க வந்தது குறிப்பிட்ட தேதிக்கு அப்புறம்."

"தண்ணி வந்தா நாங்க பாத்துக்கறோம் சாப். இத்தனை வருஷம் நாங்கதானே பாத்துக்கிட்டோம்."

பக்கத்தில் இருந்தவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். ஆண்டனி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். இன்னும் ஏதோ கேட்பார்கள் என்று நினைத்தான் போலிருக்கிறது. மேரிதான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

எல்லாம் முடிந்ததும் ஒரு பியூன் வந்து ஸ்ரீரஞ்சனியை உள்ளே கூப்பிட்டான். சுஹாஸ் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தார். அவளை உட்கார வைத்து, டீ வரவழைத்து, மராட்டியில் பேசினார்.

"மேடம், இன்டர்வியூல என்னை மேஜிஸ்ட்ரேட்டுக்கும் மினிஸ்டருக்கும் என்ன வித்தியாசம்னு கேட்டாங்க. நீங்க சொன்னதை அப்படியே சொன்னேன். சொல்படி ஒருத்தர் பெரியவர், ஒருத்தர் சின்னவர். நடைமுறையில சின்னவர் சொல்றதைப் பெரியவர் கேக்கணும்னு. போர்டே சிரிச்சுது. இந்த நாற்காலி உங்களால கிடைச்சது."

வகுப்பில் ஒருமையில் கூப்பிட்ட பையன். இப்போது அவளுக்கு மரியாதைப் பன்மைதான் வாயில் வந்தது. "அந்தக் குடும்பத்துக்கு ஏதாவது செய்ய முடியுமா, பாருங்க. அவங்க பொண்ணு ஸ்நேஹா பத்தாவது எழுதறா."

சுஹாஸ் ஜன்னலைப் பார்த்தார். "கோட்டைப் போட்டது வேற இலாகா. இடிக்கச் சொன்னது கோர்ட்டு. உத்தரவு போட்டது கமிஷனர். நான் டெபுடி, மேடம்."

"டெபுடின்னா?" அவளை அறியாமல் வகுப்பில் கேட்கிற குரல் வந்துவிட்டது.

அவர் தலை குனிந்தார். "இன்னொருத்தருக்காக ஒதுக்கி வச்ச ஆள்." டீக் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தி, "நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்க" என்றார்.

டீ ஆறிக்கொண்டிருந்தது. பரீட்சை முடிகிற வரைக்கும் தள்ளிப்போட முடியுமா என்று கமிஷனரிடம் கேட்டுப் பார்ப்பதாகச் சொன்னார். கேட்டும் இருப்பார். அதில் ஸ்ரீரஞ்சனிக்குச் சந்தேகம் இல்லை.

ஆனால் மழைக்கு முன்னால் ஆற்றங்கரையைச் சுத்தம் செய்தாக வேண்டும், போலீஸ் பாதுகாப்பு கிடைக்கிற நாள்தான் நாள். அது ஸ்நேஹாவின் கணக்குப் பரீட்சை நாளாக அமைந்துவிட்டது. காலையில் மேரியிடமிருந்து போன் வந்ததும் ஸ்ரீரஞ்சனி வகுப்புக்குப் போகாமல் ஆற்றங்கரைக்கு ஓடினாள். சந்தின் முனையில் இரண்டு ஜேசிபி நின்றன. பெண் கான்ஸ்டபிள்கள் கயிறு கட்டிக்கொண்டிருந்தார்கள். மேரி பாத்திரங்களைப் போர்வையில் கட்டி வெளியே வைத்துக்கொண்டிருந்தாள். ஆண்டனி கூரைத் தகரத்தையாவது முழுசாகக் கழற்றிவிட வேண்டும் என்று ஏணியில் நின்று போல்ட்டைத் திருகிக்கொண்டிருந்தான். ஸ்நேஹாவிடம் ஒன்றும் சொல்லாமல் பள்ளிக்கு அனுப்பியிருந்தார்கள்.

அப்போதுதான் கூட்டத்துக்குள் அப்பாவைப் பார்த்தாள். இஸ்திரிச் சட்டை, கையில் தடி. அம்மா குளிக்கப் போன நேரத்தில் இறங்கி வந்துவிட்டிருக்கிறார். நேராக முதல் ஜேசிபியின் முன்னால் போய் நின்று தடியை உயர்த்தினார். ஸ்டோரில் பழகிய பழைய இந்தியில் பேசினார். "நிறுத்து. கலெக்டர் வந்தாச்சு. மனு அவங்ககிட்ட இருக்கு. அவங்க உத்தரவு இல்லாம ஒண்ணும் தொடக்கூடாது." திரும்பி மகளைக் காட்டினார்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். தாபோடிக்காரர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. மேரி கையில் குடத்தோடு நிமிர்ந்தாள். உண்மை தெரிந்தவள் அவள். ஆனாலும் அந்த ஒரு கணம் அவள் கண்ணில் ஏதோ வந்து போனதை ஸ்ரீரஞ்சனி பார்த்தாள்.

"தாம்பா" என்றாள் ஸ்ரீரஞ்சனி. நில்லுங்கள் என்று. பெரிய ஹாலின் கடைசி வரிசைக்கும் மைக் இல்லாமல் போய்ச் சேருகிற குரல். டிரைவர் நிஜமாகவே என்ஜினை அணைத்துவிட்டான். திடீரென்று ஆற்றின் பக்கமிருந்து கொக்குகளின் சத்தம் கேட்டது.

பொறுப்பில் இருந்த இன்ஸ்பெக்டர் அவள் அருகே வந்தார். மரியாதையாகத்தான் கேட்டார். "மேடம், தாங்கள் யார்?"

அவளுக்குத் தமிழ் தெரியும், மராட்டி தெரியும், இந்தியும் ஆங்கிலமும் தெரியும். அரசாங்கத்தில் இருக்கிற ஒவ்வொரு நாற்காலிக்கும் என்ன பெயர், அந்தப் பெயர் எந்த ஊரிலிருந்து கிளம்பி எப்படி வந்தது என்று தெரியும். அந்தக் கேள்விக்குச் சொல்ல எதுவும் இல்லை. இன்ஸ்பெக்டர் நியாயமாகக் கொடுக்க வேண்டிய நேரத்துக்கு மேலேயே காத்திருந்தார். பிறகு டிரைவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஒரு பெண் கான்ஸ்டபிள் அப்பாவின் தோளைப் பிடித்து அழைத்துப் போய், மேரி வீட்டிலிருந்து எடுத்து வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். அவர் அங்கிருந்தபடியே எல்லாவற்றையும் பார்த்தார். ஆண்டனி கழற்றியது பாதித் தகரம். மீதிப் பாதி சுவரோடு போயிற்று. மத்தியானம் ஸ்நேஹா யூனிஃபாரத்தோடு திரும்பி வந்தபோது, சந்து எங்கே திரும்பும் என்று தெரியாமல் மெயின் ரோட்டிலேயே நின்றுவிட்டாள். மேரிதான் போய்க் கூட்டி வந்தாள். "கணக்கு எப்படி எழுதினே?" என்று அவள் கேட்டது ஸ்ரீரஞ்சனியின் காதில் விழுந்தது.

அன்று சாயங்காலம் அம்மா தட்டு வைத்தாள். ஸ்ரீரஞ்சனி உட்கார்ந்தாள். அப்பா டிவியைக் குறைக்கவில்லை. கொஞ்ச நேரம் அவளையே பார்த்துவிட்டு, "நீ சாப்பிடு. நேரமாச்சு" என்றார். வியாதிக்கு முன்னால் பேசிய அதே தொனி. அம்மா கரண்டியோடு அப்படியே நின்றாள். எந்த 'நீ'யைக் கேட்க வேண்டும் என்று ஒரு வருடமாக ஸ்ரீரஞ்சனி ஏங்கினாளோ, அது வந்துவிட்டது. அதன்பிறகு அவர் அதிகம் பேசவே இல்லை. யார் வந்தாலும் எழுந்திருக்கவும் இல்லை. மே மாத முடிவில், பகல் தூக்கத்திலேயே போய்விட்டார்.

மேரியின் குடும்பம் சாக்கணுக்கு அப்பால் ஒரு அறைக்குப் போனது. போசரி தூரமாகிவிட்டதால் ஆண்டனிக்கு அந்த வேலை நிற்கவில்லை. ஸ்நேஹா கணக்கில் தோற்றுவிட்டாள். மறுபடி எழுதலாம் என்று ஸ்ரீரஞ்சனி போனில் சொன்னாள், சொல்லித் தருவதாகவும் சொன்னாள். "பாக்கலாம்க்கா. இப்ப ஒரு கம்பெனியில பேக்கிங் வேலைக்குப் போறா" என்றாள் மேரி. சில வாரங்களில் அந்த எண்ணையும் யாரும் எடுக்கவில்லை.

ஜூலையில் மழை பிடித்துக்கொண்டது. மேலே அணையைத் திறந்தார்கள். தாபோடியில் ஆறு ஏறியது. ஸ்ரீரஞ்சனி வகுப்பிலிருந்து திரும்பும்போது பாலத்தின் ஓரத்தில் கூட்டம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. அவளும் நின்றாள். சந்து இருந்த இடம் முழுவதும் பழுப்புத் தண்ணீர். மேரியின் வீட்டுக்குப் பின்னால் இருந்த வேப்பமரத்தின் கிளைகள் மட்டும் தெரிந்தன. கோடு போட்டவன் சரியாகத்தான் போட்டிருந்தான்.

"நல்ல வேளை, முன்னாடியே காலி பண்ணினாங்க" என்றார் பக்கத்தில் நின்ற மளிகைக் கடைக்காரர்.

அவள் ஆமாம் என்றாள். கோபப்படவாவது ஒரு ஆள் வேண்டுமே என்று இத்தனை மாதமாகத் தேடிக்கொண்டிருந்தாள். சுஹாஸ் இல்லை, இன்ஸ்பெக்டர் இல்லை, கம்பிக்குப் பின்னால் இருந்த க்ளார்க்கும் இல்லை. தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்போம் என்று யோசித்துப் பார்த்தாள். யோசிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை. கோப்பைப் படித்து, வரைபடத்தைப் பார்த்து, கையெழுத்துப் போட்டிருப்பாள்.

தண்ணீர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. வீட்டில் அம்மா தனியாக இருப்பாள் என்று நினைவு வந்ததும் குடையை விரித்துக்கொண்டு நடந்தாள்.